மாதம் 790 டாலர் 2,860 ஆனது: இன்சூரன்ஸை விட்டுவிடலாமா?

கேள்வி:

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மூவரும் அமெரிக்கக் குடிமக்கள். கணவருக்கு 61 வயது, எனக்கு 57. மகளுக்கு 20, கல்லூரியில் படிக்கிறாள். கணவருக்குச் சர்க்கரை உண்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கம்பெனி வேலை போனதிலிருந்து அவர் சொந்தமாகக் கன்சல்ட்டிங் செய்கிறார், நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். கடைசியாகத் தாக்கல் செய்த வரிப் படிவத்தில் எங்கள் ஏஜிஐ (சில கழிவுகள் போக வரும் மொத்த வருமானம்) 112,000 டாலர். இந்த ஆண்டும் அதே அளவுதான் வரும். ஊரில் என்ஆர்இ (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) டெபாசிட்டில் வரும் வட்டி, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் ரூபாய், அதில் சேரவில்லை. அதற்குத்தான் வரி இல்லையே.

சென்ற ஆண்டு மார்க்கெட்பிளேஸ் (ஒபாமாகேர் இன்சூரன்ஸ் வாங்கும் அரசுத் தளம்) வழியாக வாங்கிய, நடுத்தர வகையான சில்வர் பிளானுக்கு மாதம் 790 டாலர் கட்டினோம். 2026 ஜனவரி பில் 2,860 டாலர் என்று வந்திருக்கிறது. கணவர், "இன்சூரன்ஸே வேண்டாம், பெரிதாக ஏதாவது வந்தால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மாதம் 600 டாலருக்கு ஷேரிங் திட்டம் இருப்பதாகச் சொல்கிறார். இதற்கெல்லாம் ஒபாமாகேர்தான் காரணம் என்கிறார் என் அண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கொள்ளை என்கிறாள் மகள். வீட்டில் தினமும் சண்டை. யார் சொல்வது சரி? நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். ஷேரிங் திட்டத்துக்கும் போகாதீர்கள். ஜனவரி 15 வரை பிளானை மாற்ற உங்களுக்கு நேரம் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு மானியம் திரும்பக் கிடைக்க நேர்மையான வழி ஒன்றும் இருக்கிறது. யார் சொல்வது சரி என்பதைக் கடைசியில் பேசலாம், முதலில் பில்லைப் பார்ப்போம்.

உங்கள் பிளானின் விலை ஒரே ஆண்டில் இப்படி ஏறிவிடவில்லை. சென்ற ஆண்டும் அதன் முழு விலை 790 டாலரைவிட மிக அதிகம்தான். மீதியை மானியமாக அரசு கட்டியது, அது உங்கள் கண்ணில் படவில்லை. 2010-ல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்தின்படி (இதைத்தான் ஒபாமாகேர் என்கிறார்கள்), குடும்ப வருமானம் வறுமைக்கோட்டைப்போல் 4 மடங்குக்குள் இருந்தால்தான் மானியம். 2021-ல் கோவிட் நேரத்தில் அந்த வரம்பை எடுத்துவிட்டு, யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்று ஆக்கினார்கள். 112,000 டாலரில் 8.5 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 790 டாலர் எங்கிருந்து வந்தது என்று புரியும். அந்தச் சலுகையை 2022-ல் ஒருமுறை நீட்டித்தார்கள். 2025 டிசம்பர் 31-உடன் அது முடிந்துவிட்டது. 2025 அக்டோபர் 1-லிருந்து நவம்பர் 12 வரை 43 நாள் அரசாங்கம் முடங்கிக் கிடந்ததே, அந்தச் சண்டையின் மையமே இதுதான். முடக்கம் முடிந்தது, சலுகை மட்டும் திரும்பவில்லை.

ஆக, பழைய வரம்பு மீண்டும் வந்துவிட்டது. மூன்று பேர் குடும்பத்துக்கு 2026 பிளானுக்கான வறுமைக்கோடு 26,650 டாலர். அதன் நான்கு மடங்கு 106,600. இந்தக் கோட்டில் அல்லது அதற்குக் கீழே இருந்தால், மேல்மட்டத்தில் உள்ளவர்கள் வருமானத்தில் 9.96 சதவீதம் கட்டினால் போதும், மீதி மானியம். கோட்டைத் தாண்டி ஒரு டாலர் அதிகமாக வந்தாலும் மானியம் ஒரு காசுகூடக் கிடையாது. சரிவே இல்லாமல் நேராகக் கீழே இறங்கும் மலை விளிம்பு அது. நீங்கள் அந்த விளிம்புக்கு வெளியே 5,400 டாலர் தள்ளி நிற்கிறீர்கள்.

உண்மையில் இன்னும் கொஞ்சம் தள்ளி. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில்தான் வரி இல்லை. அமெரிக்கக் குடிமக்களுக்கு அது இங்கே வருமானம், வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும், மானியக் கணக்கிலும் அது சேரும். என்னிடம் வரும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதே தவறைப் பார்க்கிறேன். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, "அங்கே வரி இல்லை" என்று பேங்க்கில் சொன்னதை இங்கேயும் பொருத்திக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் தர வேண்டும். விடுபட்டுப் போன பழைய படிவங்களைத் திருத்த இந்த மாதமே ஒரு சிபிஏவை (உரிமம் பெற்ற கணக்காளரை) பாருங்கள். அரசாங்கம் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே போய்ச் சரிசெய்வதற்கும், நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அந்த 5 லட்சம் ரூபாயைச் சுமார் 5,500 டாலர் என்று வைத்தால் உங்கள் வருமானம் 117,500. இதை 106,600-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இங்கேதான் உங்கள் வயது கைகொடுக்கிறது. 2026-ல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் டிரெடிஷனல் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் ஆளுக்கு 8,600 டாலர் போடலாம். கணவரும் நீங்களும் சொந்த வேலை, இருவருக்கும் வேலையிட ஓய்வூதியத் திட்டம் கிடையாது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முழுத் தொகையும் வருமானத்திலிருந்து கழியும். இருவரும் சேர்ந்து 17,200 போட்டால் உங்கள் வருமானம் 100,300 ஆகிறது. அதில் 9.96 சதவீதம் என்பது ஆண்டுக்கு 9,990 டாலர், மாதம் சுமார் 832. உங்கள் சில்வர் பிளானின் ஆண்டு விலை 34,320. மானியத்தை உங்கள் ஊரில் இரண்டாவது குறைந்த விலை சில்வர் பிளானை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். உங்களுடையது அதுவாகவோ அதற்கு அருகிலோ இருந்தால் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் மானியம் வரும். போட்ட 17,200 டாலர் எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் பெயரிலேயே ஓய்வுக்காலத்துக்கு இருக்கிறது.

வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் ஐஆர்ஏவில் போட்டால் இது நடக்காது, அது வருமானத்தைக் குறைக்காது. பழைய கம்பெனி ஓய்வூதியக் கணக்கான 401-கேயில் இருந்து எடுத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை, எடுக்கும் தொகையே வருமானமாகச் சேர்ந்துவிடும். சேமிப்புக் கணக்கிலிருந்து போடுங்கள். 2026-க்கான ஐஆர்ஏ பணத்தை 2027 ஏப்ரல் 15 வரை போடலாம் என்பதால் ஆண்டு முடிந்து, கன்சல்ட்டிங் வருமானம் எவ்வளவு என்று தெளிவாகத் தெரிந்த பிறகுகூடத் துல்லியமாக முடிவெடுக்கலாம். கணவர் கட்டும் பிரீமியத்தைச் சொந்தத் தொழில் செய்பவர் என்ற முறையில் கழிப்பதும் உண்டு. மானியமும் அந்தக் கழிவும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் கணக்கு என்பதால் அதை சிபிஏ போட்டுத் தரட்டும்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். மானியத்தை மாதாமாதம் முன்கூட்டியே வாங்கிவிட்டு, ஆண்டு முடிவில் வருமானம் கோட்டைத் தாண்டிவிட்டால், வாங்கிய அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும். திருப்பிக் கட்டுவதில் குறைந்த வருமானக்காரர்களுக்கு முன்பிருந்த உச்சவரம்பையும் 2026 முதல் எடுத்துவிட்டார்கள். நவம்பரில் திடீரென்று ஒரு நல்ல கான்ட்ராக்ட் வந்தால், சந்தோஷப்படுவதற்குள் 24,000 டாலர் கடனாகி நிற்கும். அதனால் கணவர் மாதாமாதம் வருமானத்தைக் குறித்துவரட்டும். எல்லை நெருங்கினால் ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் உடனே வருமானத்தைத் திருத்துங்கள். தனியாகத் தொழில் செய்பவருக்கான சோலோ 401-கே பற்றியும் சிபிஏவிடம் கேட்டு வையுங்கள், அதில் இன்னும் பெரிய தொகை கழியும். ஆனால் அதைத் தொடங்கினால் ஐஆர்ஏ கழிவுக்கான விதி மாறும் என்பதால் இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போட வேண்டும்.

எது நடந்தாலும் பிளானை மார்க்கெட்பிளேஸ் வழியாகவே வைத்திருங்கள். நேராகக் கம்பெனியிடம் வாங்கினால் பின்னால் வருமானம் குறைந்தாலும் மானியம் கேட்க முடியாது. மார்க்கெட்பிளேஸில் இருந்தால், இப்போது முழு விலை கட்டினாலும் வரி தாக்கல் செய்யும்போது படிவம் 8962-ல் கேட்டு வாங்கலாம்.

பிளான் மாற்றுவதைப் பொறுத்தவரை, கோல்ட் பிளானின் (சில்வரைவிட அதிகச் செலவை இன்சூரன்ஸ் ஏற்கும் வகை) விலையை இன்றே பாருங்கள். டெக்சாஸில் பிரீமியம் நிர்ணயிக்கும் முறையால் பல கவுண்டிகளில் கோல்ட் பிளான் சில்வரைவிட மலிவு. பெயரைப் பார்த்தே விலை அதிகம் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. சர்க்கரையும் ஸ்டென்டும் உள்ளவருக்குக் குறைந்த டிடக்டபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) உள்ள கோல்ட் பொருத்தமாக இருக்கும், அவருடைய இதய மருத்துவர் அந்த பிளானின் நெட்வொர்க்கில், அதாவது ஒப்பந்த மருத்துவர்கள் பட்டியலில், இருந்தால் மட்டும். மருத்துவரின் அலுவலகத்துக்கே போன் போட்டு, பிளானின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் "ஆமாம், எடுப்போம்" என்றுதான் பதில் வரும். அதே கம்பெனியின் வேறு பிளானாக இருக்கும், மார்ச் மாதம் பில் வந்த பிறகுதான் தெரியும். மகள் வேறு ஊரில் படிக்கிறாள் என்றால் உங்கள் பிளான் அங்கே அவசர சிகிச்சைக்கு மட்டுமே உதவக்கூடும். கல்லூரியின் மாணவர் இன்சூரன்ஸ் என்ன விலை என்று விசாரியுங்கள்.

அப்புறம் அந்த 600 டாலர் ஷேரிங் திட்டம். அது இன்சூரன்ஸே இல்லை. உறுப்பினர்கள் செலவைப் பகிர்ந்துகொள்வோம் என்று சொல்லும் ஏற்பாடு, பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு வருடக்கணக்கில் காத்திருப்பு வைப்பதும், முழுக்க ஒதுக்குவதும் அங்கே சர்வசாதாரணம். உங்கள் கணவரின் விஷயத்தில் எது நடக்க வாய்ப்பு அதிகமோ, அதற்கே பணம் வராது. சில மாதங்களுக்கு மட்டும் விற்கும் ஷார்ட் டெர்ம் பிளானும் அப்படித்தான். "ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர்" என்று விற்கும் ஃபிக்ஸட் இன்டெம்னிட்டி பாலிசி அதைவிட மோசம், அந்தத் தொகை ஐசியூவில் சில மணி நேரத்துக்குக்கூடக் காணாது.

ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் யோசனை பல் கட்டுவதற்கும் மூட்டு மாற்றுவதற்கும் சரி. திட்டமிட்டுப் போகலாம், பலர் போய்வருகிறார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சுவலி வந்தால் 20 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் போக முடியாது. 1986-ல் வந்த சட்டப்படி இங்குள்ள எமர்ஜென்சியில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் அவரை நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பின்னால் வரும், அதற்கு வரம்பு கிடையாது. பிரீமியம் கட்டி நீங்கள் வாங்குவதே அந்த வரம்பைத்தான். நெட்வொர்க்குக்குள் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,600, குடும்பத்துக்கு 21,200 டாலர், 2026-ல் அதற்கு மேல் உங்கள் கையை விட்டுப் போகாது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணமும் வீடும் இருக்கும் குடும்பம் அந்த வரம்பைக் கைவிடக் கூடாது. கணவருக்கு 65 வயதில் மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) வரும்வரை, இன்னும் நான்கு ஆண்டுகள், எப்படியாவது தாண்டியாக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2027 ஜனவரி முதல் ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடையாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு உண்டு. வேலை மாறும் திட்டம் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

அண்ணன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சட்டம் முழுதாக அமலுக்கு வந்த 2014-க்குப் பிறகு தனியாக வாங்கும் பாலிசிகளின் பிரீமியம் வேகமாக ஏறியது, மானியம் கிடைக்காத நடுத்தரக் குடும்பங்கள்தான் அதைத் தாங்கின. ஆனால் அதற்கு முன் டெக்சாஸில் என்ன இருந்தது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரையும் ஸ்டென்டும் உள்ள 61 வயதுக்காரர் தனியாக விண்ணப்பித்தால் கம்பெனி முகத்துக்கு நேரே மறுத்துவிடலாம். மறுக்கப்பட்டவர்களுக்கு மாநிலம் ஒரு ரிஸ்க் பூல் வைத்திருந்தது, அதில் பிரீமியம் சாதாரண விலையைப்போல் இரு மடங்கு வரை. இன்று கம்பெனி உங்கள் கணவரை மறுக்க முடியாது, நோயைக் காட்டி விலை ஏற்றவும் முடியாது. வயதுக்காக ஏற்றுவதும் இளைஞருக்கு வாங்குவதைப்போல் மூன்று மடங்கோடு நிற்க வேண்டும். சட்டத்தை நீக்கச் சொல்பவர் உங்கள் கணவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். 2017-ல் நீக்கும் மசோதா செனட்டில் 49-க்கு 51 என்று விழுந்தது. அதற்கு மாற்று என்ன என்ற கேள்விக்கு அன்றும் தெளிவான பதில் இல்லை.

அண்ணன் கம்பெனி வேலையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதையும் சொல்லுங்கள். மருத்துவக் கொள்கையை ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பின் 2025 கணக்கெடுப்பில் நிறுவனங்கள் வழியாக வரும் குடும்ப இன்சூரன்ஸின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 26,993 டாலர். ஊழியர் தருவது 6,850, மாதம் 571. மீதி 20,000 டாலரைக் கம்பெனி கட்டுகிறது, அதற்கு வருமான வரி கிடையாது. இரண்டாம் உலகப்போரில், 1942-ல் சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது ஆட்களைப் பிடிக்க நிறுவனங்கள் இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பித்தன. 1954 வரிச் சட்டம் அதை நிலையாக்கியது. அந்த வரிவிலக்கும் அரசின் உதவிதான். அவருக்கு அது சம்பளச் சீட்டில் தெரியாது, உங்களுக்கு வரும் உதவி மட்டும் "மானியம்" என்று தலைப்பிட்டு வருகிறது. தனியாகத் தொழில் செய்பவர் அரசுப் பணத்தில் வாழ்கிறார் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும், இதனால்தான்.

மகள் சொல்வதற்கு வருகிறேன். கம்பெனிகள் சிகிச்சையை மறுப்பது, முன் அனுமதி என்று இழுத்தடிப்பது, இதெல்லாம் நான் தினமும் பார்க்கும் கொடுமை. ஆனால் விலை ஏற்றத்துக்கு அவர்களின் லாபம் மட்டுமே காரணம் என்றால் கணக்கு ஒத்துவராது. தனிநபர் பாலிசிகளில் வசூலிக்கும் பிரீமியத்தில் 80 சதவீதத்தைச் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். மீதி 20 சதவீதத்தில்தான் நிர்வாகம், கமிஷன், லாபம் எல்லாம். அதை முழுக்கத் துடைத்தாலும் உங்கள் 2,860 டாலர் 2,300 பக்கம் வந்து நிற்கும்.

அந்த 80 சதவீதம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2023-ல் இந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 டிரில்லியன் டாலர், ஆளுக்கு 14,570. அதில் மிகப்பெரிய பங்கு ஆஸ்பத்திரிகளுக்கு. ஒரே வேலைக்குத் தனியார் இன்சூரன்ஸிடம் அவை வாங்குவது மெடிகேரிடம் வாங்குவதைப்போல் சராசரியாக இரண்டரை மடங்கு என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளெல்லாம் ஒரே குழுமத்துக்குக் கீழே வந்துவிட்டால் கம்பெனி பேரம் பேச வழியில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு உங்கள் பிரீமியத்தில் ஏற்றிவிடும்.

வாஷிங்டனில் நடக்கும் விவாதத்தில் பெரும்பகுதி, இந்தப் பில்லை யார் கட்டுவது என்பதைப் பற்றியது. பில் ஏன் இவ்வளவு என்பது ஓரமாகத்தான் வருகிறது. என் கருத்தைக் கேட்டால், அந்த 106,600 விளிம்பு அநியாயம். ஒரு டாலருக்காக ஒரு குடும்பம் 24,000 இழக்கும் சட்டத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது, மானியம் படிப்படியாகக் குறைய வேண்டும். ஆனால் மானியத்தை மட்டும் நீட்டித்துக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி கேட்கும் விலையை வரிப்பணத்தில் கொடுத்துக்கொண்டே இருப்போம். விலையைக் குறைக்க முடியாது என்பதும் பொய். சர்க்கரைக்கு எழுதிக் கொடுக்கும் ஜனுவியா மாத்திரையின் 30 நாள் பட்டியல் விலை 527 டாலர். 2022 சட்டம் தந்த அதிகாரத்தில் மெடிகேர் உட்கார்ந்து பேசியது, 2026 ஜனவரி முதல் மெடிகேருக்கு அது 113 டாலர்.

கனடா மாதிரி அரசே எல்லாருக்கும் கொடுக்கட்டும் என்று மகள் சொன்னால், வெர்மான்ட் மாநிலம் அதை முயன்றதை அவள் படித்துப் பார்க்கட்டும். 2011-ல் சட்டம் போட்டார்கள். நிறுவனங்களுக்கு 11.5 சதவீதம் சம்பள வரி, குடும்பங்களுக்கு 9.5 சதவீதம் வரை வருமான வரி தேவைப்படும் என்று கணக்கு வந்ததும் 2014 டிசம்பரில் ஆளுநரே கைவிட்டார். யோசனையே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. இங்குள்ள விலையை அப்படியே வைத்துக்கொண்டு கட்டுபவரை மட்டும் மாற்றினால் வரி அவ்வளவு வரும்.

உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கும் ஒரு போன் செய்யுங்கள். நீங்கள் வாக்காளர், குடிமக்கள். கட்சியைப் பற்றிப் பேச வேண்டாம், மூன்று பேர் குடும்பம், 790-லிருந்து 2,860 என்று எண்களை மட்டும் சொல்லி, அந்த விளிம்பைப் பற்றி அவர் நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். காங்கிரஸ் ஏதாவது செய்யும் என்று காத்திருந்து ஜனவரி 15-ஐ மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். அதற்குள் மாற்றினால் புதிய பிளான் பிப்ரவரி 1-ல் தொடங்கும். அதுவரை பாதுகாப்பு அறுந்துபோகாமல் இருக்க, ஜனவரி பிரீமியத்தைக் கை கடித்தாலும் கட்டிவிடுங்கள். வருமானம் கோட்டுக்குள் வந்துவிட்டால் அந்த மாதத்துக்கான மானியமும் வரி தாக்கலில் உங்களுக்குத் திரும்ப வரும்.